பாறையில் ஒரு நோன்பு

தெற்கே, கோடையிலும் குளிர் விடாத கடலில், மரமே இல்லாத ஒரு தீவு. அங்கே, அம்மை என்று எல்லோரும் அழைக்கும் குருவின் மடம். கீழே கரை முழுக்க அடர்ந்த ரோமம் போர்த்த கடல்நாய்கள்.

அம்மையின் வலப்பக்கப் பாய் பரஞ்சோதியுடையது. குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். அடுத்து மடம் யாருக்கு என்று கேட்டால் தீவே அந்தப் பாயைத்தான் காட்டும்.

அந்த நேரம் பார்த்துச் சாத்தப்பன் புதுச் சீடனாக வந்து சேர்ந்தான். நன்றாகப் பாடினான். அம்மை கண்மூடிக் கேட்டார். மறுநாளே பரஞ்சோதி உண்ணாநோன்பு என்று சொல்லிப் பாயில் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணே, கஞ்சி குடிச்சிட்டு வாங்க. பாய்க்குக் காலா முளைச்சிருக்கு, ஓடிப்போக?” என்றான் சாத்தப்பன்.

“நோன்பைப் பத்தி உனக்கென்னடா தெரியும்? போய்ச் சட்டியைக் கழுவு.”

அம்மை வெளியே போயிருந்த ஒரு மதியம், காய்ச்சலில் துவண்ட குழந்தையோடு ஒரு மீனவப் பெண் வந்தாள். தரை சில்லிட்டிருந்தது. குழந்தையைப் பாயின் ஓரத்தில் கிடத்தினாள். பரஞ்சோதி பார்த்தார். பார்த்துக்கொண்டே பாயை வெடுக்கென்று இழுத்தார். குழந்தை உருண்டு தரையில் விழுந்து வீறிட்டது. அவள் அதை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

அழுகை மட்டும் போகவில்லை. அது பரஞ்சோதியின் காதிலேயே நின்றது. அதை ஓட்டுவதற்காகவே, அம்மை திரும்பி வந்ததும் அவரிடம் கேட்டார்.

“அம்மா, என் நோன்பு எந்த மட்டுக்கு வந்திருக்கு?”

“வாங்க, கரைக்குப் போகலாம்.”

பரஞ்சோதி எழுந்தார். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அம்மை அதைப் பார்த்துவிட்டு முன்னே நடந்தார்.

கரையில் ஒரு பாறைமேல் பெரிய ஆண் கடல்நாய் கிடந்தது. கழுத்தெல்லாம் தழும்பு. வயிறு ஒட்டியிருந்தது.

“இவரும் நோன்புதான்,” என்றார் அம்மை. “பெட்டைங்க குட்டி போட வர்றதுக்கு முந்தியே வந்து இடம் பிடிச்சிட்டார். அன்னையிலேர்ந்து இரை இல்லை, தண்ணி இல்லை. உடம்புக் கொழுப்பு கரைஞ்சுதான் உயிர் ஓடுது.”

“கடல் காலடியில இருக்கே. மீனா இல்லை?”

“மீன் இருக்கு. இறங்கினா இடம் போயிடும்.”

பரஞ்சோதி பாயை மறு கக்கத்துக்கு மாற்றினார்.

அப்போது இன்னொரு ஆண் பாறையோரம் தலைகாட்டியது. பெரியது சீறிப் பாய்ந்தது. நடுவில் தூங்கிக்கொண்டிருந்த கறுப்புக் குட்டி ஒன்று அதன் வயிற்றடியில் நசுங்கியது. வந்தது ஓடிவிட்டது. பெரியது பாறைக்குத் திரும்பி, தலையை உயர்த்தி உட்கார்ந்தது.

சற்றுப் பொறுத்து, இரை தேடிப் போயிருந்த பெட்டை ஒன்று கரையேறிக் குரல் கொடுத்தது. மற்றக் குட்டிகள் கிடந்த இடத்திலேயே கிடந்தன.

“ஏன் ஒண்ணுகூட அசையலை?”

“அவ குரல் அவ குட்டிக்குத்தான் தெரியும்.”

பெட்டை மறுபடி கூப்பிட்டது. மறுபடியும்.

பரஞ்சோதியால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: “அதும்மேல குத்தம் இல்லைம்மா. கீழே குட்டி கிடந்தது அதுக்குத் தெரியாது.”

“ஆமா,” என்றார் அம்மை. “அதுக்குத் தெரியாது.”