கண்ணாடிப்பாசியின் கோபம்

கடலோரக் காயல் ஒன்றில் கண்ணாடிப்பாசி ஒருத்தி வாழ்ந்தாள். கண்ணுக்கே தெரியாத உடம்பு. அதைச் சுற்றிக் கண்ணாடி போல் ஓர் ஓடு. வெயிலைத் தின்று வளர்வாள்; மற்ற உயிர்கள் மூச்சிழுக்கும் காற்றை வெளியே விடுவாள். இறாலும் மடவை மீன் குஞ்சும் அவள் கூட்டத்தைத் தின்று வளரும். அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை. தின்னத் தின்னப் பெருகும் இனம் அது.

ஒரு வருஷம் வாடைக்காற்று மழையைக் கொட்டித் தீர்த்தது. ஆற்று வெள்ளம் காயலின் உப்பையெல்லாம் கழுவி, அவள் கூட்டத்தில் பாதியைக் கடலுக்கு அடித்துக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள் சேற்றிருட்டில் கிடந்து, வெயில் வந்ததும் மறுபடி பெருகினார்கள்.

அடுத்த வருஷம் வாடை வெறுங்கையோடு வந்தது. ஆறு வற்றியது. முகத்துவாரத்தை மணல் அடைத்தது. தண்ணீர் சுண்டி, உப்பு ஏறி, அவள் சொந்தங்கள் வெறும் ஓடுகளாக அடியில் விழுந்தார்கள். அந்த இடத்தில், யாருக்கும் தின்ன உதவாத நீலப்பாசி ஏடு ஏடாகப் படர்ந்தது.

மெலிந்துபோன மடவை ஒன்று வந்து கத்தியது. "குஞ்சுங்க பட்டினி கெடக்குது. நீங்கள்லாம் எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"செத்துத் தொலைஞ்சோம்! அடியில போய்ப் பாரு!"

அதோடு அவள் கோபம் அடங்கவில்லை. மேலே வந்து வாடைக்காற்றை மறித்தாள்.

"போன வருஷம் முக்கிக் கொன்ன. இந்த வருஷம் காயவச்சுக் கொல்ற. உனக்கு நாங்க என்ன பாவம் பண்ணோம்?"

"என்னை ஏன் ஏசுற? நான் சுமை தூக்குறவன். தூரத்துப் பெருங்கடல் சூடானா மூட்டை மூட்டையா மழைய ஏத்தி விடும். குளிர்ந்தா கைய விரிச்சிடும்."

"நாங்க சாகுறத அதுகிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொல்லுச்சு?"

"'காயலா? அது எங்க இருக்கு?'ன்னு கேட்டுச்சு."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "முன்னெல்லாம் அந்தக் கடல் புரண்டு படுத்தா, நாங்க எழுந்து நிக்க நாள் இருந்துச்சு. இப்ப ஒரு அடி ஆறுறதுக்குள்ள அடுத்த அடி! இதையும் போய்ச் சொல்லு!"

காற்று வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

மறுநாள் மடவைகள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. மீன்பிடிக்க வந்த தேசப்பன் வலையை இழுத்தார். மீனில்லை, நீலப்பாசிதான் வழவழவென்று ஒட்டியிருந்தது. வலையை உதறிவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சிழுத்துக் கத்தினார்.

"பாழாப்போன பாசி! எல்லாம் இதால வந்த கேடு. பூண்டோட அழிஞ்சு போ!"

கண்ணாடிப்பாசிக்குக் கோபம் பொங்கியது. அவர் இழுத்த அந்த மூச்சிலும் அவள் விட்ட காற்றுதான் இருந்தது.