பேர் வெட்டாத தூக்கு

பூவரசஞ்சாமியின் மடம் ஆனைமலை அடிவாரத்தில் இருந்தது. பெரிய மடம் ஒன்றுமில்லை. ஓர் ஓட்டுக் கட்டடம், ஒரு சமையற்கூடம், வாசலில் ஒரு பூவரச மரம்.

சாமியின் சீடர்களில் அதிகம் பேசுகிறவர் பொள்ளாச்சி மருதாசலம். வயதில் சாமியைவிட ஆறு வருஷம் மூத்தவர். தேங்காய் மட்டை உரிக்கும் இயந்திரம் செய்கிறவர். பதினோரு பேர் வேலை பார்க்கும் சின்னக் கம்பெனி. இயந்திரத்துக்குக் ‘கிளிமூக்கு’ என்று பெயர் வைத்திருந்தார்.

அதன் வளைந்த அலகுதான் எல்லாம். மற்றவர்கள் செய்யும் அலகு நாலு மாதத்தில் மழுங்கிவிடும். கிளிமூக்கு இரண்டு வருஷம் தாங்கும். இரும்பை எந்தச் சூட்டில் காய்ச்சி, எதில் முக்கிக் குளிரவைப்பது என்ற பதத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு ஒன்பது வருஷம் ஆனது.

ஆனால் மனிதருக்கு வாய் சும்மா இருக்காது. பட்டறைக்கு வந்தவருக்குக் காப்பி கொடுத்து, உலைவரை கூட்டிப்போய், எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னால்தான் மரியாதை செய்ததாக அவருக்குத் தோன்றும். பதத்தின் கணக்கு மட்டும் எப்படியோ அதுவரை வெளியே போகாமல் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, பளபளவென்று ஒரு புது எவர்சில்வர் தூக்கோடு மடத்துக்கு வந்தார்.

“வாங்க மருதாசலம். தூக்குல என்ன?”

“பாயசமுங்க சாமி. எங்கூட்டுக்காரி துளசிமணி குடுத்துவிட்டா. தூக்கு புதுசாம், மறக்காமக் கொண்டாரச் சொல்லியிருக்கறா.”

சாமி ஒரு டம்ளர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு டம்ளர் குடித்தார்.

“இது எப்படிச் செய்யறாங்க?”

கேட்டதுதான் தாமதம். பாசிப்பருப்பை எவ்வளவு வறுப்பது, மூன்றாம் தேங்காய்ப்பாலில் எப்போது வேகவைப்பது, வெல்லம் எந்தக் கடையில் வாங்குவது, முதல் பாலை இறக்கி வைத்து ஏன் ஊற்றவேண்டும் என்று மருதாசலம் மூச்சுவிடாமல் சொன்னார். மடத்துச் சமையற்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்று கேட்டார்.

“சரி, வந்த விஷயத்தைச் சொல்லுங்க.”

“பிலிப்பைன்ஸ்ல இருந்து ஆர்டர் வந்திருக்குதுங்க சாமி. நானூறு மெசினு. அது நடந்துச்சுன்னா பதினோரு பேரு முப்பது பேராயிரும். ஆனா அந்தப் பார்ட்டி ரெண்டு கேக்கறாருங்க.”

“என்ன ரெண்டு?”

“கிளிமூக்குங்கற பேரை அவங்க நாட்டுல அவரே அவரு பேர்ல பதிவு பண்ணிக்கறாராமுங்க, எனக்கு எதுக்கு அலைச்சல்னு. அப்புறம் அலகோட பதத்தை எழுதிக் குடுத்தா, தேஞ்ச அலகுக்குப் புது அலகை அங்கயே செஞ்சுக்குவாராமுங்க.”

“ஆள் எப்படி?”

“தங்கமான மனுசனுங்க. எங்கூட்டுல மூணு தடவை ரசம் வாங்கிக் குடிச்சாரு.”

“பிறகென்ன?”

மருதாசலத்தின் முகம் வாடியது. “பயமா இருக்குதுங்க சாமி. வித்தும் ஆகணும். தொலைச்சறவும் கூடாது. எப்படிங்க?”

சாமி எழுந்தார். காலித் தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்று மடத்துக்குப் பாத்திரங்களில் பேர் வெட்டுகிறவர் வந்திருந்தார். யாரோ இருநூறு தட்டு தானம் கொடுத்திருந்தார்கள். கிர்ர் கிர்ர் என்று சத்தம் மத்தியானம்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

சாப்பிட்டு முடித்துக் கிளம்பும்போது மருதாசலம் தூக்கைக் கேட்டார். சமையற்காரர் மடத்துப் பாத்திர வரிசையிலிருந்து அதை எடுத்து வந்தார். வயிற்றுப் பக்கத்தில் புதிதாக எழுத்து மின்னியது.

“படிங்க” என்றார் சாமி.

“பூவரசஞ்சாமி மடம்.” படித்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “சாமி! இது எங்க தூக்குங்க!”

“பேர் அப்படிச் சொல்லலையே.”

“எங்கூட்டுல எல்லாருக்கும் தெரியுமுங்க, இது எங்களுதுன்னு.”

“உங்க வீட்டுல தெரியும். இங்க யாருக்குத் தெரியும்?”

மருதாசலம் சாட்சிக்கு ஆள் தேடினார். சமையற்காரர் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார். பேர் வெட்டுகிறவர், “வெட்டுனது நான்தானுங்க. மடத்துப் பேருதானுங்க” என்றார்.

“நல்லவருன்னு நம்பித்தானுங்களே சாமி குடுத்தேன்!”

“நான் நல்லவன்தான். உங்க பக்கத்து வீட்டுக்காரங்களும் நல்லவங்கதான். அப்புறம் எதுக்குப் பாத்திரம் வாங்கின கடையிலேயே பேர் வெட்டி வாங்கறோம்?”

மருதாசலம் தூக்கைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார். திடீரென்று தொடையில் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

“சாமி, துளசிமணிகிட்ட என்னங்க சொல்றது?”

“அது உங்க பாடு” என்று சொல்லி, சாமி தூக்கைத் திரும்ப உள்ளே அனுப்பிவிட்டார்.

மறுநாளே அவர் சென்னையில் ஒரு வக்கீலைப் பிடித்தார். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், கிளிமூக்கு என்ற பெயரைப் பிலிப்பைன்ஸ் நாட்டிலேயே தன் கம்பெனியின் பெயரில் பதிவுக்குக் கொடுத்தார். விஷயம் தெரிந்ததும் அந்த வியாபாரி போனில் சிரித்தாராம். “உங்கள் பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பதத்தை மட்டும் சீக்கிரம் அனுப்புங்கள்” என்றாராம்.

இரண்டு மாதம் கழித்து மருதாசலம் மறுபடி மடத்துக்கு வந்தார். பதத்தை ஒரு தாளில் அழகாக எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். சாமி கையால் தொட்டுக் கொடுத்தால் அன்றே அனுப்பிவிடுவதாக எண்ணம். கூடவே துளசிமணியும் வந்திருந்தார், தூக்கை மீட்க.

மடத்து வாசலில் வரிசை நின்றது. எல்லோர் கையிலும் டம்ளர்.

“மடத்துப் பாயசம் இப்ப ரொம்பப் பிரபலம்” என்று சொல்லி, சாமி இருவருக்கும் கொடுத்தார்.

மருதாசலம் ஒரு வாய் குடித்தார். “இது எங்கூட்டுப் பாயசமாச்சே!”

“செய்முறை சொன்னது நீங்கதானே?”

துளசிமணி கணவரைத் திரும்பிப் பார்த்தார். மருதாசலம் பூவரச மரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

துளசிமணி டம்ளரை வாயில் வைத்தார். நாக்கில் வைத்து நிதானமாகப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்லச் சிரிப்பு பரவியது.

“நல்லாத்தான் இருக்குதுங்க சாமி. ஆனா இது அது இல்லீங்க.”

“ஏம்மா, ஒண்ணு விடாமச் சொன்னாரே!”

“அவருக்குத் தெரிஞ்சதை ஒண்ணு விடாமச் சொல்லியிருப்பாருங்க.”

சமையற்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். “அம்மா, என்ன விட்டுப்போச்சுங்க? சொன்னீங்கன்னா அடுத்த தடவை போட்டுருவேன்.”

“உங்களுக்கு எதுக்குங்க அந்தச் சிரமம்? எப்ப வேணும்னு மட்டும் சொல்லியனுப்புங்க. அண்டாவோட செஞ்சு கொண்டாந்தர்றேன்.”

சாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. மருதாசலம் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“ஏம்புள்ள, இருவத்தாறு வருசமா எங்கிட்டக்கூடவா சொல்லுல?”

“உங்ககிட்டச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி இல்லீங்களா?”

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மருதாசலமும் சிரித்தார். அவ்வளவு நிம்மதியாக அவர் சிரித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“மருதாசலம்” என்றார் சாமி. “சட்டைப் பையில ஒரு காகிதம் எட்டிப் பாக்குதே. எனக்குக் காட்டத்தானே கொண்டுவந்தீங்க? என்ன எழுதியிருக்கு?”

மருதாசலம் வாயைத் திறந்தார். துளசிமணியின் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார். தாளைப் பைக்குள் நன்றாக அமுக்கிவிட்டு, மேலே கையை வைத்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்லீங்க சாமி. தேஞ்ச அலகுக்குப் புது அலகு பொள்ளாச்சியில இருந்தே வரும்னு அவருக்குச் சொல்லப்போறேன். அவ்வளவுதானுங்க.”

“பதம்?”

மருதாசலம் பையின் மேல் வைத்த கையை எடுக்காமல், மிச்சப் பாயசத்தைக் குடித்தார்.

சாமி தலையாட்டினார். பிறகு சமையற்காரர் பக்கம் திரும்பினார்.

“அந்தத் தூக்கை எடுத்துட்டு வாப்பா. இவர்கிட்டயே குடு. இனி பத்திரமா வீடு போய்ச் சேரும்.”