பாய்க்கு அடியில்

ஜூன் 29, காலை எட்டு மணி, கடற்கரை ஊரில் புனித ராயப்பர் திருநாள். போட்டிக்கு இறங்கிய பாய்மர வள்ளங்கள் பதினொன்று. அவற்றில் ஒன்றின் பெயர் பரலோக மாதா.

அதன் பாய் புதியது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தது. அடியில் ஆறு மணல் மூட்டைகள் கிடந்தன. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் ஆட்கள் அவற்றை இழுத்துப் போடுவார்கள். வள்ளம் சாயாது.

வள்ளத்துக்காரர் லாசர். அவர் ஜெபித்தால் காய்ச்சல் விடும் என்று வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும். அவருடைய கோபம் தணிந்ததை மட்டும் அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

“வானத்துக் காத்து என்மேலதான் இறங்குது. நீங்க என்ன செய்றீங்க?” என்றது பாய்.

“கிடக்கோம்,” என்றது ஒரு மூட்டை.

“அதுக்கு ஆறு பேரா?”

“வர்றதை வாங்குறது நீ. தாங்குறது நாங்க.”

பாய் காதில் வாங்கவில்லை. கரை முழுக்க அதைப் பார்த்துத்தான் கை தட்டியது.

பாதித் தூரத்தில் வள்ளம் இரண்டாவதாக ஓடியது. எடையைக் குறைக்க லாசர் ஒரு மூட்டையைத் தூக்கினார்.

“வேணாம்ணே. மிதவைகிட்ட திரும்புறப்போ காத்து குத்தும்,” என்றான் தம்பி கபிரியேல்.

“மணலை வச்சுக் கரையில வீடு கட்டுடா. வரம் உள்ளவனுக்கு மணல் எதுக்கு?”

ஆறு மூட்டைகளும் கடலுக்குள் போயின. பாய் சிரித்தது. வள்ளம் முதலிடத்துக்கு வந்தது.

மிதவையைச் சுற்றும்போது காற்று குத்தியது. பாய் வழக்கம்போல முழுசாக வாங்கிக்கொண்டது. வள்ளம் கவிழ்ந்தது.

வள்ளத்தில் இருந்த ஆறு பேரில் ஐந்து தலைகள் மேலே வந்தன. நனைந்து விரிந்து கிடந்த பாய், தனக்கு அடியில் நகங்கள் பிறாண்டுவதை உணர்ந்தது. எழுந்துவிடப் பார்த்தது. காற்று அதன்மேல் அடித்துக்கொண்டுதான் இருந்தது. எழ முடியவில்லை.

லாசர் இடுப்புக் கத்தியால் பாயைக் குறுக்கே கிழித்து, கபிரியேலை முடியைப் பிடித்து இழுத்தார். மூச்சு இருந்தது.

கிழிந்த பாதியில் எட்டு மூட்டைகள் தைத்தார்கள். அடுத்த திருநாளில் மணல் அள்ளிப் போட்டவர் லாசர். எந்தப் பக்கம் வைக்க என்று ஒவ்வொன்றுக்கும் தம்பியைக் கேட்டார்.

“எல்லாரும் இருக்கீங்களா?” என்றது மரத்தில் ஏறிய மீதிப் பாதிப் பாய்.

“இருக்கோம்.”

அந்த ஜூன் 29 அன்று பரலோக மாதா ஏழாவதாக வந்தது. போன ஆறு பேரும் கரை இறங்கினார்கள்.