ஈயம் மட்டும் கட்டிய தூண்டில்

சென்னியப்பன் என்று ஒருவர். அவருடைய ஒரே மகன் ஆடி மாதம் கூட்டாளிகளோடு குளிக்கப் போய் அணைத் தண்ணீருக்குள் இறங்கினான். ஏறி வரவில்லை. படகு போட்டு நான்கு நாள் தேடினார்கள். ஐந்தாம் நாள் படகைக் கரையேற்றிவிட்டார்கள்.

ஐப்பசி பிறந்ததும் சென்னியப்பன் அதே அணைக்கு வந்தார். தூண்டில் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மகனைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் கற்றுக்கொடுத்தவள் சுகுணா. முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். மற்ற நாட்களில் நூல் மில்லில் வேலை. பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்க வருகிறவர்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட, அவளை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"என்ன மீனுங்கய்யா வேணும்? விராலா, கட்லாவா?"

"மீன் கெடக்கட்டும்ங்க. அடியில என்ன இருக்குதுன்னு கரையில நின்னுட்டே எப்படித் தெரிஞ்சுக்கறது?"

சுகுணா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் கடைசியில கேக்கறதை நீங்க முதல்ல கேக்கறீங்க."

அன்று அவள் தூண்டில் நரம்பில் முள் கட்டவில்லை. நுனியில் ஈயக்குண்டு ஒன்றை மட்டும் கட்டி வீசினாள். குண்டு தரையைத் தொட்டதும் நரம்பு தளர்ந்தது. தூண்டில் ராடை அவர் கையில் கொடுத்தாள்.

"கண்ணை மூடிக்குங்க. மெதுவா இழுங்க. இன்னும் மெதுவா. வழுக்கிட்டு வந்தா மணல். நறநறன்னா சரளை. பிடிச்சுப் பிடிச்சு விட்டா சேறு. டொக்குனு தட்டினா பாறை. வளைஞ்சு, விட்டதும் துள்ளினா அது முழுகின மரத்தோட கொப்பு."

"இப்ப வர்றது சேறுங்களா?"

"சேறுதான்."

அதற்குப் பிறகு அவர் வேறெதுவும் கற்றுக்கொள்ளவில்லை. வாரா வாரம் வந்தார். விடிந்ததிலிருந்து வெயில் சாயும்வரை ஈயத்தை வீசினார், இழுத்தார், இரண்டடி தள்ளி நின்று மறுபடி வீசினார். தை மாதம் குண்டுக்கு மேலே பெரிய முள் ஒன்றைக் கட்டிக்கொண்டார். அதில் இரை வைக்கவில்லை.

உடன் கற்றுக்கொள்ள வந்த பையன்களுக்கு அது வேடிக்கை.

"ஏனுங் பெரியவரே, வெறும் முள்ளைக் கடிக்கறேன்னு மீன் எதாச்சும் உங்களுக்கு வாக்குக் குடுத்திருக்குதுங்களா?"

"அவரு மீனுக்கு வேப்பங்காய் வெக்கலயேன்னு சந்தோசப்படு மாப்ளே" என்றான் இன்னொருவன்.

சென்னியப்பனும் சிரித்துவைத்தார்.

மாசி மாதம் ஒரு நாள் சுகுணாவிடம் வந்தார்.

"வாத்தியாரம்மா, ஒண்ணு கேக்கோணும். கனமா இருக்கும். ஆனா மெத்துனு இருக்கும். இழுத்தா கொஞ்சம் கூட வரும். கொப்பு மாதிரித் துள்ளாது. அது என்னவா இருக்கும்ங்க?"

"சாக்கா இருக்கும். இல்லீன்னா யாராவது விட்டுட்டுப் போன வலை."

"துணின்னா எப்படித் தெரியும்?"

சுகுணா ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"யாருங்கய்யா?"

"பையன்."

"ஆடியிலங்களா?"

"ஆமாங்க. சிமெண்டு கலர் பேண்ட்டு. பெல்ட்டு போட்டிருந்தான். பெல்ட்டுல முள் மாட்டும்னு நெனச்சேன்."

அவள் ரீலைக் கீழே வைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"ஏழு மாசமாச்சுங்கய்யா."

"தெரியும்ங்க."

அடுத்து அவள் செய்தது அவருக்கு நல்லது என்று நினைத்துத்தான். டப்பாவைத் திறந்து ஒரு மண்புழுவை எடுத்து அவருடைய முள்ளில் கோத்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் மீன் புடிங்க. ஒரே ஒரு மீன். கையில உசிரு பட்டாக் கொஞ்சம் தேவலையா இருக்கும்."

அவர் மறுக்கவில்லை. வீசினார். கால் மணி நேரம் ஆகியிருக்கும், ராடு சட்டென்று வளைந்தது.

"இழுக்காதீங்க, ஓடட்டும், ஓடட்டும்! இப்பச் சுத்துங்க! தலையைத் திருப்புது பாருங்க, மறுபடி விடுங்க!"

பையன்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். பெரிய கெளுத்தி. மீசையெல்லாம் நனைந்து பளபளவென்று கரைக்கு வந்தது. சென்னியப்பன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பை அங்கே யாரும் பார்த்ததில்லை.

"பெருசுதானுங்களே?"

"ரெண்டு கிலோவுக்கு மேல வரும்ங்க."

"என்னத்தைத் தின்னு இத்தனை வளந்துச்சு?"

"கெளுத்திங்களா? அடியில கெடக்கறது அத்தனையும் திங்கும். செத்தது, அழு..."

சுகுணா நிறுத்தினாள். வாய் பழக்கத்தில் வந்துவிட்டது. எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

"பெரியவரே, மீனை நல்லாத் தூக்கிப் புடிங்க, போட்டோ எடுக்கறோம்" என்றான் ஒருவன்.

அவர் தூக்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்தார். முள்ளை மெல்லக் கழற்றினார். மீனைத் தண்ணீருக்குள் இறக்கி, அது மூச்சு வாங்கும்வரை பிடித்திருந்து, விட்டார். அது போன பிறகும் கைகளைத் தண்ணீரிலிருந்து எடுக்கவில்லை.

அதற்கடுத்த இரண்டு ஞாயிறும் சென்னியப்பன் வரவில்லை. சுகுணா வந்தாள். யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்காமல் திரும்பிப் போனாள்.

மூன்றாம் ஞாயிறு அவர் வந்தார். ராடு இல்லை. கல்மேல் உட்கார்ந்தார்.

"என்னை மன்னிச்சுருங்கய்யா."

"நீங்க என்னம்மிணி பண்ணுவீங்க? உள்ளதைத்தான சொன்னீங்க. நிறுத்திரலாம்னுதான் வீட்லயே இருந்தேன். அவங்கம்மா இன்னும் மூணு தட்டு வெக்கறா. நான் போனாத்தான் சாப்பிட உக்காருவா. என்னைக் கேக்கறதில்ல. கையை மட்டும் பாக்கறா."

சுகுணா பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தாள்.

"படகுக்காரங்க அஞ்சாம் நாள் நிறுத்தினாங்க. நான் எப்ப நிறுத்தறதுங்க, வாத்தியாரம்மா?"

அவள் தன் ராடை மடிமேல் வைத்தாள். நுனியில் பொய் இரையாகக் கட்டியிருந்த மரமீனை, நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தெடுத்தாள். டப்பாவிலிருந்து ஈயக்குண்டு எடுத்து, முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனைத்து, நிதானமாகக் கட்டினாள். பையிலிருந்து இன்னொரு ராடை எடுத்து அதிலும் அதேபோல் ஈயத்தை மட்டும் கட்டி அவர் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

"தெரியலீங்கய்யா" என்றாள். "மேக்கால கரையில நாம இன்னும் போடவே இல்லை."