ஜமீன்தாரை இழுத்துப் போட்ட கெண்டை

வேங்கைக்காட்டு ஜமீன்தாருக்கு வீரம் அதிகம். அதைக் காட்டத்தான் இடம் கிடைக்கவில்லை. ஊரே வாயைப் பிளக்கும்படி ஒரு கெண்டை பிடித்தே தீருவேன் என்று சீமைத் தூண்டிலோடு காவிரிக்கு வந்தார். ஆற்றுக்குள் கூட்டிப் போனவன் பரிசல்காரன் மாதையன்.

“பரிசல்ல எந்திரிச்சு நிக்காதீங்க எசமான், கவுத்துரும்.”

“ஜமீன்தார் குந்திக்கொண்டு மீன் பிடித்தார் என்று ஊர் பேசவா?” என்று எழுந்து மீசையை முறுக்கினார். தூண்டில் லேசாக அசைந்தது. பரிசல் ஒரு சுற்றுச் சுற்றியது. ஜமீன்தார் ஆற்றுக்குள் விழுந்தார், தூண்டில் தண்ணீரோடு போனது.

தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தான் மாதையன். அதற்கெல்லாம் நன்றி சொல்லும் வழக்கம் அந்த வம்சத்தில் இல்லை. கரையில் காத்திருந்த விருந்தாளிகளிடம் ஜமீன்தார் முழங்கினார்: “முதலை அளவு மீன்! என்னையே இழுத்துப் போட்டுவிட்டது! டேய், பொழுது சாய்வதற்குள் அந்த மீன் தூண்டிலோடு இங்கே வரவேண்டும். இல்லாவிட்டால் உன் பரிசலைக் கொளுத்திவிடுவேன்.”

“அதே மீன்தானே எசமான்? வேற பெருசு எதுவும் வேண்டாமே?”

“அதே மீன்தான்டா!”

மாதையன் போய், பாறை இடுக்கில் சிக்கிக் கிடந்த தூண்டிலை எடுத்து வந்தான். அத்தனை பேர் முன்னாலும் தூக்கிக் காட்டினான். முள்ளில் சாண் நீளம்கூட இல்லாத ஒரு கெண்டை துள்ளியது.

விருந்தாளிகள் ஜமீன்தாரைப் பார்த்தார்கள். ஜமீன்தார் ஆற்றைப் பார்த்தார்.

“அதே மீன்தான் எசமான்,” என்றான் மாதையன் பணிவாக. “உங்களைப் பிரிஞ்ச ஏக்கத்துல கொஞ்சம் இளைச்சுப் போச்சு, அவ்வளவுதான்.”