கண்ணில் ஒற்றிய தாள்

நூகு லெப்பைக்கு அரபி ஓதத் தெரியும், பொருள் தெரியாது. அதில் அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். தெருவில் பேரீச்சம்பழ டப்பாவின் லேபிள் கிடந்தாலும், அரபி எழுத்தைக் கண்டால் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றி, சுவர் இடுக்கில் செருகிவிட்டுத்தான் மேலே நடப்பார்.

அப்படிப்பட்டவர் அறுபத்தாறாவது வயதில், தன் மகன் வயதே ஆன பள்ளிவாசல் இல்யாஸ் ஹஜ்ரத்திடம் போய் உட்கார்ந்தார்.

"எனக்கு அரபி சொல்லிக் கொடுங்க, ஹஜ்ரத்."

"அதான் அழகா ஓதுறீங்களே, மாமா?"

"ஓதுவேன். இதைப் படிக்கத் தெரியலையே."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். குர்ஆனில் எழுத்துக்கு மேலும் கீழும் குறி இருக்கும். இந்தத் தாளில் எல்லாம் மொட்டை எழுத்து.

சவூதிக்குக் கட்டட வேலைக்குப் போன அவர் மகன் ஜுனைத், எட்டாவது மாடியிலிருந்து விழுந்து மவுத்தானான். நாற்பதாம் நாள் முடியுமுன் கம்பெனி ஆள் என்று ஒருவன் வந்து இந்தத் தாளை நீட்டினான். ஒரு கையெழுத்துதான் என்றான்.

"யார்கிட்டயாவது காட்டிட்டுப் போடுவோமே, மாமா" என்றாள் மருமகள் ருக்கையா.

"அரபியைப் போய்ச் சந்தேகப்படுறியா?" என்று அவளை அதட்டினார். தாளைக் கண்ணில் ஒற்றினார். அரபி எழுத்திலேயே தன் பெயரையும் போட்டார். வந்தவன் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுப் போனான்.

ஒரு வருஷமாக ருக்கையா அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறாள். கேட்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. அதுதான் அவரை உள்ளுக்குள் அரித்தது.

ஹஜ்ரத் தாளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன எழுதியிருக்கு?"

"நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுதுட்டு வாங்க. ஒரு நோட்டு கொண்டு வாங்க."

"சொல்லிட்டா ரெண்டு நிமிஷத்துல போயிருவேன்."

"ஆமா, போயிருவீங்க."

சின்னப் பயலுக்கு வந்த கொழுப்பைப் பாரு என்று முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். மறுநாள் நோட்டோடு வந்தார்.

இது வீடு. இது கதவு. அது ஒட்டகம். ஓதும்போது தண்ணீராய் ஓடுகிற நாக்கு, 'நான் சந்தைக்குப் போனேன்' என்று சொல்லச் சொன்னால் கொழுக்கட்டையை அடைத்ததுபோல் நின்றது. ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர் ராகம் போட்டே படித்தார். ஒட்டகத்துக்கு எதுக்கு மாமா ராகம் என்று ஹஜ்ரத் சிரிப்பார். லெப்பை சிரிக்கமாட்டார்.

விடியலில் தொழுதுவிட்டு வந்ததும் நோட்டை ஒரு பக்கமும் தாளை ஒரு பக்கமும் விரித்துக்கொள்வார். ஏழெட்டு மாதத்தில் மொட்டை எழுத்துக்குள்ளிருந்து ஒவ்வொரு சொல்லாக எட்டிப் பார்த்தது. உயரம். கயிறு. அவனே. அங்கே மூடி வைத்துவிட்டார். கயிற்றைப் பற்றி ஜுனைத் போனில் சொல்லியிருந்தான்: "இடுப்புக் கயிறு கேட்டா இல்லைங்குறாங்க, வாப்பா."

அன்று பாடத்துக்கு வந்தவர் நோட்டைத் திறக்கவில்லை.

"ஹஜ்ரத், அரபியில பொய் சொல்ல முடியுமா?"

ஹஜ்ரத் பாடப் புத்தகத்தைப் புரட்டினார்.

"ஒரு வாக்கியம் சொல்றேன், அரபியில எழுதுங்க. 'என் மகன் வீட்டில் இருக்கிறான்.'"

லெப்பையின் பேனா நின்றது.

"வேற சொல்லுங்க."

"பாடத்துல இதுதான் இருக்கு."

எழுதினார். வலமிருந்து இடமாக, நிதானமாக, கை நடுங்காமல் எழுதினார். கை நடுங்காததுதான் அவருக்கே தாங்கவில்லை.

ஹஜ்ரத் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"ஒரு தப்பும் இல்லை, மாமா."

லெப்பை அந்த வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு பையிலிருந்து தாளை எடுத்தார். இந்த முறை ராகம் இல்லை. ஒவ்வொரு சொல்லாகப் படித்து, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"கயிறு கொடுக்கப்பட்டது. அவனே கழற்றினான். குற்றம் அவனுடையது. இதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். யார்மேலும் எங்களுக்குப் புகார் இல்லை."

அதன் கீழே அவர் பெயர் இருந்தது. அழகான கையெழுத்து. பெற்ற மகன்மேல் பழியைப் போட்டு, எழுத்தில் ஒரு பிசகும் வராமல் போட்ட கையெழுத்து.

"முதல் நாளே இதைப் படிச்சிட்டீங்க, இல்ல?"

"படிச்சேன்."

"எட்டு மாசமா என்னை ஒட்டகம் மேய்க்க விட்டீங்களே! அன்னைக்கே சொல்லியிருந்தா என்ன?"

"சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

"நம்பியிருப்பேன். நீங்க ஹஜ்ரத்தாச்சே."

"கையெழுத்து போட்ட அன்னைக்கும் அதைத்தானே செஞ்சீங்க, மாமா."

லெப்பை தாளை மடித்தார். மடித்த தாளோடு கை பழக்கத்தில் கண்ணை நோக்கி உயர்ந்தது. பாதியில் நின்றது.