பிரசிடென்டில் இருந்த ஓட்டை

விருத்தாசலத்தில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தில் எட்டு வீடும் ஒரு கமிட்டியும் உண்டு. என்னையும் கமிட்டியில் சேரச் சொன்னார்கள். அன்றைக்குப் பார்த்து எனக்கு முதுகுவலி வந்துவிட்டது. கமிட்டி கலைகிறவரை அது சரியாகாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கமிட்டி என்றால் மூன்று பேர். பிரசிடென்ட் விருத்தகிரி, செக்ரட்டரி கலியபெருமாள், மெம்பர் உலகநாதன். மூவரும் தங்கமான மனுஷர்கள். ஒன்று சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அங்கேதான் வில்லங்கமே.

ஒரு மாதமாகக் கட்டடத்தில் சாக்கடை நாற்றம். இரண்டாவது மாடியில் குமுதவல்லி வீட்டில் குடலைப் புரட்டும். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் அவள் மகள் நித்திலாவுக்கு வளைகாப்பு. வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டில் விட்டுவிட்டுப் போவதாகப் பேச்சு. ஏற்பாடு பார்க்க வந்த சம்பந்தியம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே வீட்டைச் சுற்றினாள்.

"இந்த நாத்தத்துல என் மருமகளை விட்டுட்டுப் போக மாட்டேன் சம்பந்தி. வெள்ளிக்கிழமை வருவேன். நாத்தம் இருந்தா, வளையலைப் போட்டுக் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்" என்றாள்.

குமுதவல்லி நேராகக் கமிட்டியிடம் வந்து அழுதாள். "ஒத்தப் பொண்ணுங்க. ரெண்டு வருஷமா அவ ரூமைப் பூட்டி வச்சுக் காத்துக்கிட்டிருக்கேன்." முதுகுவலி இல்லாவிட்டால் நானே ஏதாவது செய்திருப்பேன்.

பிளம்பர் சவரிமுத்துவை வரவழைத்தார்கள். அவன் குழாய்களைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னான். "மொட்டை மாடியில சாக்கடைக் காத்து வெளிய போற குழாய் இருக்கில்ல, அதுல ஒரு பாட்டில் நீலகிரித் தைலத்தை ஊத்துங்க. அப்புறம் வீடு வீடா மோந்து பாருங்க. எங்க தைல வாசனை வருதோ, அங்கதான் ஓட்டை. ஊத்துன ஆள் மட்டும் கீழ வரக்கூடாது. அவர் மேல ஒட்டின வாசனை குழப்பிடும்." நெய்வேலியில் வேலை இருக்கிறது, வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று போய்விட்டான்.

வியாழக்கிழமை காலை மூவரும் தைலப் பாட்டிலோடு மொட்டை மாடிக்கு ஏறினார்கள். உலகநாதனுக்கு ஒரு சந்தேகம்.

"தைல வாசனை எப்படி இருக்கும்னு தெரியாம, வந்திருக்கிறது அதுதான்னு எப்படிச் சொல்றது?"

"நியாயமான கேள்வி" என்றார் பிரசிடென்ட். அவரும் உலகநாதனும் மீசையில் தாராளமாகத் தடவிக்கொண்டார்கள். மறந்துவிடக்கூடாது என்று சட்டைக் காலரிலும் தடவிக்கொண்டார்கள். பாட்டிலில் மிஞ்சிய இரண்டு சொட்டைக் கலியபெருமாள் குழாயில் ஊற்றிவிட்டு, கீழே வரக்கூடாதென்று தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்துகொண்டார். சாப்பாட்டைக் கயிற்றில் கட்டி ஏற்றினார்கள்.

மற்ற இரண்டு பேரும் மோந்துகொண்டே இறங்கினார்கள். முதல் வீட்டுக் கூடத்தில் வாசனை வந்தது. சாக்பீஸால் வட்டம் போட்டார்கள். சமையலறையில் வந்தது. சாமி அலமாரியில் வந்தது. அரிசி டின்னுக்குள் வந்தது. என் வீட்டுக்கும் வந்து என் தலையணையில் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார்கள். மதியத்துக்குள் ஐம்பத்தாறு ஓட்டை. தெருவில் இறங்கி டீக்கடை வரை போனார்கள், அங்கேயும் வந்தது.

பிரசிடென்ட் கவலையோடு பெஞ்சில் உட்கார்ந்தார். "உலகநாதன், நான் ஒண்ணு கவனிச்சேன். நான் போற இடத்துலல்லாம் ஓட்டை இருக்கு."

"நான் சொல்ல வேணாம்னு இருந்தேன் சார். உங்க கிட்ட வந்தா இன்னும் ஜாஸ்தியா வருது."

"அப்போ ஓட்டை எங்கிட்டதான்."

"மனசைத் தளர விடாதீங்க சார். கண்டுபிடிச்சாச்சுல்ல, அதுவே பெரிசு."

சவரிமுத்துவுக்குப் போன் போட்டு, ஓட்டை கிடைத்துவிட்டது என்றார்கள். அவன் என்ன கண்டான், பாவம். "ஈரச் சாக்கைச் சுத்தி இறுக்கிக் கட்டி வைங்க. சாக்கு காயக்கூடாது, மணிக்கொரு வாளி ஊத்துங்க. உள்ள மட்டும் தண்ணி போகக்கூடாது. காலைல வர்றேன்" என்றான்.

கலியபெருமாளைக் கீழே கூப்பிட்டுக்கொண்டார்கள். பிரசிடென்டைக் கழுத்துவரை சாக்கில் சுற்றிக் கட்டினார்கள். எங்கே வைப்பது? மற்ற பாத்ரூமெல்லாம் ஆள் புழங்குகிறது. சும்மா கிடந்தது நித்திலாவின் ரூமோடு சேர்ந்த பாத்ரூம் ஒன்றுதான். குமுதவல்லி பூட்டைத் திறந்துவிட்டாள். உள்ளே போனதும் நாற்றம் முகத்தில் அறைந்தது. "பாத்தியா, நான் வந்ததும் எப்படி அடிக்குது" என்று பிரசிடென்ட் வருத்தப்பட்டார்.

சாயங்காலம் அவருக்குக் காபி கொடுப்பது பற்றி விவாதம் நடந்தது.

"காபி தண்ணியா?" என்றார் உலகநாதன்.

"டிகாக்‌ஷன் தண்ணிதான்" என்றார் கலியபெருமாள்.

"வெறும் பால்?"

"நம்ம பால்காரர் பாலா? அது தண்ணியை விடத் தண்ணி."

இட்லி கொடுத்தார்கள். மணிக்கொரு வாளி தலையோடு ஊற்றியபோது பிரசிடென்ட் வாயை ஏன் அவ்வளவு அகலமாகத் திறந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பார்த்தால் வீட்டில் நாற்றமே இல்லை. சந்தனமும் புளியோதரையும்தான் மணத்தன. சவரிமுத்து வந்து பாத்ரூமை எட்டிப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான், தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஐயா, தரையில தண்ணி இறங்குற இந்த ஜாலிக்கு அடியில, குழாய் வளைவுல எப்பவும் கொஞ்சம் தண்ணி நிக்கணும். அதுதான் சாக்கடைக் காத்தை மேல விடாம தடுக்கும். ரெண்டு வருஷமா யாரும் புழங்கலை, தண்ணி கொஞ்சம் கொஞ்சமா வத்திப் போன மாசம் சுத்தமாத் தீந்துடுச்சு. நீங்க இவர் மேல ஊத்தினது இறங்கி நாத்தம் நின்னுடுச்சு. அவ்வளவுதான்."

சாக்குக்குள்ளிருந்து பிரசிடென்ட் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "தம்பி, ஓட்டை என்னோடது. எனக்குத் தெரியாதா?" என்றார்.

சம்பந்தியம்மா நித்திலாவோடு வந்தாள். மூக்கை விடைத்துக்கொண்டு மூலை மூலையாக மோந்தாள். குமுதவல்லி பின்னாலேயே நடந்தாள். கடைசியில் சம்பந்தியம்மா முந்தானையை இறக்கிவிட்டு, "பொண்ணு இங்கயே இருக்கட்டும் சம்பந்தி" என்றாள். குமுதவல்லி மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெட்கமென்ன.

வளையல் போட்டு முடிந்ததும் சம்பந்தியம்மா கமிட்டியைத் தனியாகக் கூப்பிட்டாள். நாற்றம் போன விவரத்தை அவர்கள் ஒன்றுவிடாமல் சொன்னார்கள். அவள் பாத்ரூம் கதவைத் திறந்து பிரசிடென்டைச் சுற்றி வந்து பார்த்தாள். முடிச்சைக்கூட இழுத்துப் பார்த்தாள்.

"எங்க கட்டடத்துலயும் இதே நாத்தம்தான்" என்று குரலைத் தாழ்த்தினாள். "ஆனா எங்களுக்குப் பிரசிடென்ட் கிடையாது. செக்ரட்டரி மட்டும்தான் இருக்கார். அவரைக் கட்டினா போதுமா?"

கலியபெருமாளும் உலகநாதனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எத்தனை மாடிம்மா?"

"ரெண்டு."

"அப்போ செக்ரட்டரியே போதும்."